வாலிபத் தலைவர்கள் மாநாடு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களையே கூட்டி வைத்து மாநாடு நடத்துவது தனிக் கஷ்டம். வந்திருக்கிற எல்லாருமே சொந்த சபையில் மைக் பிடிக்கிறவர்கள். ஞாயிறு சாயங்காலம் முப்பது பேரைப் பாட வைத்து, விளையாட வைத்து, வசனம் சொல்ல வைத்து அனுப்புகிற அதே அண்ணன்மாரும் அக்காமாரும் நம் மாநாட்டுக்கு வந்ததும் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வருடமாகத் தென் மாவட்டங்களில் இப்படிப்பட்ட மாநாடுகளின் திட்டக் குழுவில் இருந்து வருகிறேன். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் நானே உண்டாக்கியவை.

உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். மாநாடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரமாகத் தேடுகிறீர்கள் என்றால் ‘உடனே’ என்று தொடங்கும் பத்தியைப் பாருங்கள். ‘அடுத்த முறை’ என்பது வீட்டுக்குப் போய் ஆற அமரப் படிக்க.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

திட்டக் குழுவின் முதல் கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். முதலில் முடிவான விஷயம் எது? செய்தியாளரின் (மாநாட்டில் பிரசங்கம் பண்ண வருகிறவரின்) பெயர் என்றால் உங்கள் கோளாறில் பாதி அங்கேயே பிறந்திருக்கிறது. முதலில் செய்தியாளர், பிறகு அவருக்குத் தோதான தேதி, பிறகு மண்டபம், பிறகு பேனர், அதில் 1 தீமோத்தேயு 4:12 (‘உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு’ என்ற இந்த வசனம் இல்லாத வாலிபர் பேனரை நான் பார்த்ததே இல்லை), கடைசியில் மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தில் ‘குழுக் கலந்துரையாடல்’. வழக்கமாக இப்படித்தான் நிகழ்ச்சி நிரல் பிறக்கிறது.

இதைத் தலைகீழாகத் தொடங்க ஒரு கேள்வி போதும்: மாநாடு முடிந்து வருகிற முதல் ஞாயிறு, இவர்கள் தங்கள் கூட்டத்தில் எதை வேறு விதமாகச் செய்ய வேண்டும்? ஒரு வருடம் எங்கள் குழு இதற்கு மூன்று மணி நேரம் சண்டை போட்டு ஒரு வரியை எழுதியது: ‘வராமல் நின்றுபோன ஒருவரை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும்.’ அந்த வரி கிடைத்ததும், போட்டு வைத்திருந்த மூன்று பிரசங்கத்தில் இரண்டு தேவையில்லை என்று தானாகத் தெரிந்துவிட்டது. செய்தியாளரிடம் அதைச் சொல்வதுதான் சங்கடமாக இருந்தது. சொன்னோம்.

அறிகுறி: கேள்வி நேரத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது

“ஏதாவது கேள்வி உண்டா?” என்று செய்தியாளர் கேட்பார். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, கேள்வி என்ற பெயரில் பத்து நிமிடம் சாட்சி சொல்லி முடிப்பார்.

பிள்ளைகளுக்குக் கேள்வி இல்லை என்று நினைக்காதீர்கள். டீ குடிக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள், கேள்வி கொட்டும். அரங்குக்குள் அது வாய்க்கு வராததற்கு என் கணக்கில் மூன்று காரணம்.

முதலாவது, முன்வரிசை. ஐயர்மார் (அதாவது போதகர்கள்), சேகரச் செயலர் (சேகரம் என்பது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்), பொருளாளர் எல்லாரும் மரியாதையாக முதல் வரிசையில். தன் சேகரத்து ஐயர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, “எங்கள் கூட்டத்துக்கு ஆலயச் சாவியைக்கூடத் தருவதில்லை” என்று எந்தப் பிள்ளை எழுந்து சொல்லும்? இரண்டாவது, மைக். இருநூறு பேர் திரும்பிப் பார்க்க, நடந்து போய் மைக்கை வாங்கிப் பேசுவது பிரசங்கம் பண்ணுவதைவிடக் கடினம். மூன்றாவது, நேரம். ஐம்பது நிமிடம் கேட்டதை மனசுக்குள் கேள்வியாக மாற்ற யாருக்கும் ஐந்து வினாடி போதாது.

உடனே: “ஏதாவது கேள்வி உண்டா” என்பதை விட்டுவிடுங்கள். “ஒரு நிமிடம் பேசாமல் யோசியுங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கிறவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள்” என்று சொல்லுங்கள். அதன்பின் “உங்கள் இரண்டு பேருக்குள் என்ன பேச்சு வந்தது?” என்று கேளுங்கள். இரண்டு பேருடைய கேள்வி என்று ஆகிவிட்டால் தனி ஆள்மேல் பழி விழாது, அதனால் வாய் திறக்கும். இதை 1981-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் வகுப்பறைக்காக முறைப்படுத்தினார்: தனியாக யோசி, ஜோடியாகப் பேசு, எல்லாருக்கும் சொல். மூன்று நிமிட வேலை, காசு செலவில்லை. முதல் மைக்கை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். முதலில் ஆண் பிள்ளைகள் நான்கு பேர் வரிசையாகப் பேசிவிட்டால் அந்த அமர்வில் பெண்கள் பேசி நான் கண்டதில்லை.

சீட்டில் எழுதி வாங்குவதும் நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு பள்ளம் உண்டு. நான் விழுந்திருக்கிறேன். ஒரு மாநாட்டில் சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. ஒரு சீட்டில், ‘எங்கள் சபையில் சாதி பார்த்துத்தான் வாலிபர் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், என்ன செய்வது?’ என்று இருந்தது. மேடையில் வாசித்தால் பிரச்சினை என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் டீ நேரத்தில் வராந்தா முழுக்க அதே பேச்சுதான். எழுதினவர் தன் சீட்டு வாசிக்கப்படவில்லை என்பதை நண்பர்களிடம் சொல்லியிருந்தார். அடுத்த நாள் சீட்டுப் பெட்டி காலியாக வந்தது. சீட்டை இரண்டு பேராகப் பிரியுங்கள், அதில் ஒருவர் பங்கேற்பாளராக இருக்கட்டும். மேடையில் பேச முடியாத கேள்வியாக இருந்தால், “இப்படி ஒரு கேள்வி வந்திருக்கிறது, இதை இன்று இரவு சிறு குழுவில் பேசுவோம்” என்றாவது அறிவியுங்கள்.

அடுத்த முறை: ஐயர்மாரை வெளியே அனுப்ப வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். வட்ட வட்டமாக நாற்காலி போட்டு, வட்டத்துக்கு ஒருவராக, தன் சேகரத்துப் பிள்ளைகள் இல்லாத வட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு ஒரே விதி: முதல் இருபது நிமிடம் கேட்பது மட்டும். கத்தோலிக்கரின் உலக இளைஞர் தினக் கொண்டாட்டங்களில் வெகுகாலமாக ஆயர்கள் மறைக்கல்வி உரை ஆற்ற, இளைஞர் உட்கார்ந்து கேட்டார்கள். 2023-ல் லிஸ்பனில் அதை மாற்றி, இளைஞர்கள் பேசி ஆயர்களும் கூட இருக்கும் சந்திப்புகளாக நடத்தினார்கள். அவ்வளவு பெரிய அமைப்பே நாற்காலியைத் திருப்பிப் போட முடிந்தது என்றால் நமக்கு என்ன? பெரியவர்கள் யாராவது முகம் சுளித்தால், பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசுகிறதைக் கேட்கவும் அவர்களை வினாவவும் செய்தார் என்ற லூக்கா 2:46-ஐ மெதுவாக எடுத்து வையுங்கள். எங்களுக்கு அது பலமுறை கை கொடுத்திருக்கிறது.

அறிகுறி: மதியம் இரண்டரைக்கு அரங்கமே தூங்குகிறது

துரோவா பட்டணத்தில் பவுல் நெடுநேரம் பிரசங்கம் பண்ண, ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் 20-ல் இருக்கிறது. பவுலடியாருக்கே அந்தக் கதி. உங்கள் செய்தியாளர் மேல் குற்றமில்லை. பிரியாணி போட்டுவிட்டு உரை வைத்த உங்கள் மேல்தான்.

உடனே: எல்லாரையும் எழுப்பி வெளியே அனுப்புங்கள். இரண்டிரண்டு பேராக, முன்பின் பழக்கமில்லாத ஜோடியாக, வளாகத்தைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கட்டும். நாங்கள் இதை எம்மாவு நடை என்கிறோம் (லூக்கா 24-ல் இரண்டு சீஷர் எம்மாவு ஊருக்குப் பேசிக்கொண்டே நடந்ததை வைத்து). போகும்போது ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும், திரும்பும்போது மாற வேண்டும். கையில் ஒரே கேள்வி எழுதிய துண்டுச் சீட்டு. வெயில் கடுமை என்றால் வராந்தாவிலும் நடக்கலாம். பிரியாணியை ராத்திரிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: குழுக் கலந்துரையாடல் குட்டிப் பிரசங்கமாக முடிகிறது

இங்கேதான் அதிகமான மாநாடுகள் வீணாகின்றன. ‘ஊடாட்டம் வேண்டும்’ என்று குழு பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பதினைந்து பேர் குழுவில் ஒருவர் தலைவர். அவர் பாதி நேரம் பேசுகிறார், இன்னும் இரண்டு பேர் மீதியை எடுத்துக்கொள்கிறார்கள், பன்னிரண்டு பேர் தரையைப் பார்க்கிறார்கள்.

முதலில் ஆள் கணக்கு. ஜனங்களைப் பிரித்துத் தலைவர்களை வைக்கும்படி மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொன்ன யோசனையில் ஆயிரம், நூறு, ஐம்பது என்று இறங்கி பத்துப் பேரில் நிற்கிறது. நான் இன்னும் கொஞ்சம் இறங்கி ஆறில் நிற்பேன். ஆறு பேருக்கு முப்பது நிமிடம் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வரும். பதினைந்து பேருக்கு அதே முப்பது நிமிடம் என்றால் ஆளுக்கு இரண்டுதான். அதற்குள் தன் பெயர், சேகரம், வேலை சொல்லவே சரியாக இருக்கும்.

அடுத்தது கேள்வி. ‘இன்றைய வாலிபர் சந்திக்கும் சவால்கள் யாவை?’ என்று கேட்டால் பரீட்சைப் பதில்தான் வரும்: செல்போன், போதை, சினிமா. எல்லாக் குழுவிலும் அதே மூன்று, அதே வரிசையில். ‘உங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் கடந்த ஆறு மாதத்தில் நின்றுபோனவர் யார்? கடைசியாக அவரிடம் எப்போது பேசினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு மனப்பாடப் பதில் கிடையாது. யாரும் பிரசங்கமும் பண்ண முடியாது. சில நிமிடம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கலைக்காதீர்கள்.

உடனே: ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் போட வேண்டும். மூன்றும் தீர்ந்தவர் மற்றவர்களுடையது தீரும்வரை பேசக்கூடாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அதிகம் பேசுகிறவர் இரண்டாவது கொட்டையைப் போடும்போதே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

இனி, குழு அறிக்கை. இருபது குழு, ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் எண்பது நிமிடம். கேட்பவர் யாரும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார். அறிக்கை வாசிப்பதையே எடுத்துவிடுங்கள். சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். எல்லாரும் டீ டம்ளரோடு சுற்றி வந்து படித்து, பிடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். பதினைந்து நிமிடத்தில் முடியும்.

அடுத்த முறை: மேசை மாறிப் பேசும் முறையை வைத்துப் பாருங்கள். 1995-ல் கலிஃபோர்னியாவில் ஜுவானிட்டா பிரவுன், டேவிட் ஐசக்ஸ் வீட்டில் நடந்த ஒரு சந்திப்பிலிருந்து பிறந்தது இது. உலகக் காபிக்கடை என்று பெயர். மேசைக்கு நான்கைந்து பேர், மேசை மேல் விரித்த தாளில் கிறுக்கிக்கொண்டே இருபது நிமிடம் பேச வேண்டும். பின் ஒருவர் மட்டும் அங்கேயே தங்க, மற்றவர்கள் வேறு வேறு மேசைக்குப் போவார்கள். தங்கியவர் முன் பேச்சைச் சுருக்கிச் சொல்ல, அதன்மேல் புதியவர்கள் கட்டுவார்கள். விரிப்புத் தாளுக்குக் கடைக்குப் போகாதீர்கள். எல்லாச் சபை அலுவலகத்திலும் போன வருடக் காலண்டர் கட்டுக்கட்டாகக் கிடக்கும், பின்பக்கம் வெள்ளை.

வேதபாடக் குழுவுக்குத் தனியாக ஒன்று. சுவீடன் முறை என்று சொல்லப்படுவதில் பங்கேற்பவர் கையில் மூன்று அடையாளம் மட்டும்: புரியாத இடத்தில் கேள்விக்குறி, வெளிச்சம் தந்த இடத்தில் மெழுகுவர்த்தி, செய்ய வேண்டியதற்கு அம்பு. ஓரத்தில் போட்டுவிட்டுப் பேசத் தொடங்கினால் குழுத் தலைவருக்கு விளக்கவுரை சொல்ல வேலையே இருக்காது. முக்கியமாக, சொந்த சபையில் அடுத்த வாரமே இதை நடத்திவிடலாம்.

அறிகுறி: முதல் விளையாட்டில் ஒரே கும்மாளம், அதன்பின் ஒன்றும் இல்லை

ஐஸ் பிரேக்கர் தனி, மாநாடு தனி என்று நிற்கிறது. பலூன் உடைத்ததற்கும் அடுத்த அமர்வுக்கும் சம்பந்தமில்லாததால் அந்தச் சூடு பத்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது. அப்புறம், தோற்றவரை மேடையில் ஆட வைப்பது, ஆணும் பெண்ணும் கையைக் கோத்து நிற்பது மாதிரியான விளையாட்டுகளால் சிரிக்கிறவர்களைவிட ஒதுங்குகிறவர்கள் அதிகம். அன்று ஒதுங்கியவர் மூன்று நாளும் ஒதுங்கியே இருப்பார்.

இதற்கு இந்திய மண்ணிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் 1930-ல் நைனிடால் பக்கம் சாத்தாலில் தொடங்கிய ஆசிரமத்தில், வந்தவர்கள் முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்வார்கள்: ஏன் வந்தாய், உனக்கு என்ன வேண்டும், உண்மையில் உனக்கு எது தேவை. மூன்றாவதுதான் ஆளை நிறுத்தும். நாங்கள் முதல் நாள் சாயங்காலம் இதை நான்கு பேர் குழுக்களில் வைக்கிறோம். பலூனும் இருக்கட்டும், ஆனால் பத்து நிமிடம் போதும்.

அறிகுறி: அரங்கில் நாற்காலி, வேப்பமரத்தடியில் ஆட்கள்

விசில் ஊதி உள்ளே விரட்டாதீர்கள். அந்த மரத்தடிதான் உங்கள் மாநாட்டிலேயே உயிரோடு இருக்கும் இடம்.

அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்பவர் இருந்தார். எபிஸ்கோப்பல் சபையில் குருப்பட்டம் பெற்றவர். 1983-ல் ஒரு வருடம் உழைத்து ஒரு மாநாடு நடத்தினார். முடிவில் எல்லாரும் சொன்னது, காபி இடைவேளைதான் பிரமாதம் என்று. சரி, இடைவேளையையே மாநாடாக்கினால் என்ன என்று யோசித்து 1985-ல் திறந்தவெளி முறையைத் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து, பேச விரும்பும் பொருளை யார் வேண்டுமானாலும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்; பக்கத்தில் இடமும் நேரமும். மற்றவர்கள் பிடித்த இடத்துக்குப் போகலாம். கற்றுக்கொள்ளவோ பங்களிக்கவோ முடியவில்லை என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். இதை இரு கால் விதி என்பார்கள்.

பள்ளி வளாகம் கிடைத்தால் இது அருமையாக நடக்கும், வகுப்பறைகள் தயாராக இருக்கின்றன. முதல் தடவை பெரியவர்களுக்குப் பயம்: பிள்ளைகள் என்ன தலைப்பு ஒட்டுவார்களோ என்று. எங்களுக்கு வந்தவை ‘பாடகர் குழுவில் பெரியவர்களோடு எப்படி ஒத்துப்போவது’, ‘வேலை தேடுகிறவனுக்குக் கூட்டத்தில் என்ன இருக்கிறது’, ‘வேறு மதத்து நண்பர்களைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா’. மூன்றாவதுக்கு ஒரு வகுப்பறை போதாமல் மைதானத்துக்குப் போனார்கள். ஒருநாள் முழுக்க வேண்டாம், இரண்டாம் நாள் பிற்பகல் மட்டும் இதற்கு விடுங்கள்.

அறிகுறி: எல்லார் தலையும் போனுக்குள்

போனைப் பிடுங்கி வைப்பது பலனில்லை. வந்திருப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் குழந்தை உள்ளவர்கள். கையில் வேறு வேலை கொடுங்கள். போனிலேயே வாக்கெடுப்பு நடத்தும் ஆப்களும் நல்லவைதான், ஆனால் மலை மேல் முகாம் என்றால் முந்தின நாளே போய் சிக்னல் பாருங்கள். ஏற்காட்டில் ஒருமுறை நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் திறக்க முயன்று இருபது நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் அரங்கின் நான்கு மூலைக்கும் நான்கு பதில் ஒட்டி, “உங்கள் பதில் எதுவோ அங்கே போய் நில்லுங்கள்” என்றோம். வாக்கும் தெரிந்தது, ஆளும் எழுந்தார்கள்.

அறிகுறி: வந்தவர்களில் பாதிப் பேர் தலைவர்களே இல்லை

சுற்றறிக்கை ஐயருக்குப் போகிறது, அவர் ஆராதனை அறிவிப்பில் வாசிக்கிறார், அந்த வாரம் யாருக்கு லீவோ அவர் வருகிறார். அடுத்த வருடம் வேறொருவர். சேகரத்துக்கு இரண்டு பேர், இருவரும் பொறுப்பில் இருப்பவர்கள், ஒருவராவது பெண் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். நேரடியாக அவர்களுக்கும் போன் போடுங்கள்.

தேதியும் பாருங்கள். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள்), அறுப்பின் பண்டிகை, அசனம் (சபையின் பொது விருந்து), பல்கலைக்கழகத் தேர்வு, டிசம்பர் கேரல் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். மாநாடு ஞாயிறு மதியம் முடிகிறது என்று போடாதீர்கள். பாடகர் குழுவும் ஓய்வுநாள் பள்ளியும் இவர்கள் தலையில்தான் ஓடுகின்றன. சனி ராத்திரியே பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள், நீங்கள் பத்திரமாக வைத்திருந்த முக்கிய அமர்வைக் காலி நாற்காலிதான் கேட்கும்.

அறிகுறி: குழுவில் ஒருவர் உடைந்து அழுகிறார்

இது கோளாறு அல்ல, ஆனால் ஆயத்தமில்லாமல் இருப்பது பெரிய கோளாறு. பேசச் சொன்னால் பேசுவார்கள். சில சமயம் இதுவரை யாரிடமும் சொல்லாததை.

உடனே: எல்லாரும் சுற்றி நின்று தலையில் கை வைத்து சத்தமாக ஜெபிப்பதை நிறுத்துங்கள். ஒருவர், பெண்ணாக இருந்தால் ஒரு அக்கா, பிறர் கண்ணில் படுகிற ஆனால் காதில் விழாத இடத்துக்கு அழைத்துப் போய்க் கேட்கட்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர், பாலியல் துன்புறுத்தல் விஷயம் என்றால், 2012-ம் வருடப் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. ‘சபை மானம்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் 21-ம் பிரிவைக் காட்டுங்கள். குழந்தைகளுக்கு 1098, மன நெருக்கடிக்கு டெலி மானஸ் 14416. இரண்டு எண்ணையும் ஒவ்வொரு குழுத் தலைவரின் அட்டையிலும் அச்சடியுங்கள். அடுத்த முறை, முகாமுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகரை அழைப்பது செய்தியாளரை அழைப்பதற்கு முன்னால் வரட்டும்.

அறிகுறி: கருத்துப் படிவத்தில் எல்லாருமே ‘ஆசீர்வாதமாக இருந்தது’

இருநூறு படிவத்தில் நூற்றெண்பது இப்படி இருந்தால் உங்கள் படிவம் பழுது. பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டால் வேறு என்ன எழுதுவார்?

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைசி அமர்வில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் ஒரு போஸ்ட் கார்டில் தன் முகவரியும், வரும் மூன்று ஞாயிறுகளில் செய்யப்போகும் ஒரே ஒரு காரியமும் எழுத வேண்டும். ஆள் பெயர், நாள், கிழமை எல்லாம் சேர்த்து. பக்கத்துச் சேகரத்து ஒருவரோடு ஜோடி சேர்ந்து எண்களை மாற்றிக்கொள்ளட்டும். கார்டுகளை வாங்கி வைத்து மூன்றாம் வாரம் தபாலில் போடுங்கள். அதே வாரம் திட்டக் குழுவினர் ஆளுக்கு இருபது பேரைப் போனில் பிடித்து, மாநாட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், “போன ஞாயிறு உங்கள் கூட்டத்தில் என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நின்றுபோனவரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்த வருடம் எனக்கு வந்த இருபது பேரில் ஏழு பேர் போய்ப் பார்த்துப் பேசியிருந்தார்கள். ஆறு பேர் போனை எடுக்கவில்லை. ஐந்து பேர் வேலை அதிகம் என்றார்கள். ஒரு தம்பி, போனதாகவும் அந்த நண்பன் கதவைத் திறக்கவில்லை என்றும் சொன்னான். இன்னொரு தங்கச்சி மட்டும், “அண்ணா, நான் போகவில்லை. ஆனால் நின்றுபோனவளே போன் பண்ணினாள், தன் பெயரை யாரோ கேட்டதாக” என்றாள். அடுத்த மாநாட்டின் திட்டக் கூட்டத்துக்கு இந்த இருபது குறிப்பையும்தான் கொண்டுபோனேன். செய்தியாளர் பெயர் அன்று கடைசியில்தான் வந்தது.